பிளெயினா, பெண்டா?

"வண்டிக் கண்ணாடி போயிருச்சு" என்று யார் வந்து நின்றாலும் மேஸ்திரி முதலில் வண்டியின் பெயரைக் கேட்பதில்லை. "பிளெயினா, பெண்டா?" என்றுதான் கேட்பார். தட்டைக் கண்ணாடி என்றால் ஸ்டூலை இழுத்துப் போடுவார். வளைந்தது என்றால் கடைப் பையனிடம், "மதுரைக்கு ஒரு போனைப் போடுப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது அவர் கடை. சுவரோரம் மரச்சட்டத்தில் தகடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. நடுவில் கம்பளி விரித்த மேசை. அதன் மேல் அரையடி ஸ்கேல், சாக்பீஸ், மண்ணெண்ணெய் ஊற்றிய மூடி, கைப்பிடி தேய்ந்த ஒரு கட்டர். மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. வலது ஆள்காட்டி விரலின் நுனியில் ரேகையே இல்லை. வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து மழுங்கிவிட்டதாம்.

செட்டிநாட்டில் கண்ணாடிக் கடை நடத்துவது மற்ற ஊர்களில் நடத்துவதைப் போலல்ல. வளவு வீடுகளின் கதவு, சன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகப் பதித்த நீலமும் சிவப்புமான சில்லுகளுக்கு மாற்று கேட்டு ஒரு கூட்டம் வரும். அதற்கு ஈடான பழைய சில்லு வேண்டுமென்றால், இடித்த வீடுகளின் சாமான்கள் விற்கிற முனீஸ்வரன் கோவில் தெருவில் அலைய வேண்டும். ஆத்தங்குடியிலிருந்து இன்னொரு கூட்டம். ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு மெருகேற்றி வருவதல்ல. கண்ணாடியிடமிருந்து இரவல் வாங்கியது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, அச்சின் அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கித் தேய்த்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். தகடு கழன்று வரும்போது கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பு தங்கியிருக்கும். தகட்டில் ஒரு கீறல் இருந்தால் அதுவும் கல்லில் பதியும். "வீட்டுக்காரவுக ஓட்டையே இருந்தாலும் வாங்கிட்டுப் போயிருவாக. ஆத்தங்குடிக்காரன் மயிரிழை கீறலைக் கண்டாலும் திருப்பிக் கொண்டாந்துருவான்" என்றார் மேஸ்திரி.

மூன்றாவது கூட்டம் வண்டிக்காரர்கள். நான் அவரோடு ஒட்டிக்கொண்டது அவர்களில் ஒருவரால்தான்.

பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றின் ஷெட்டில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. இங்கிலாந்தில் 1948 முதல் செய்து, அந்நாட்டில் முதன்முதலாகப் பத்து லட்சத்தைத் தொட்ட கார் அது. நம் ஊரிலும் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கொஞ்ச காலம் 'பேபி இந்துஸ்தான்' என்று விற்றது. வீட்டு ஆச்சியின் ஐயா வாங்கிய வண்டி. கல்யாணம் வந்தால் துடைத்து வெளியே எடுப்பார்கள். டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடியில் குறுக்காக ஒரு நீண்ட விரிசல்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். விரிசலை விட்டுவிட்டுக் கண்ணாடியின் நான்கு மூலைகளையும் குனிந்து பார்த்தார். "எழுத்தே இல்லையே ஆச்சி. யாரோ வீட்டு சன்னல் கண்ணாடிய வெட்டி மாட்டிருக்காக."

வண்டிக்கென்று செய்த கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். செய்தவர் பெயர், என்ன வகை, இந்தியத் தயாரிப்பானால் ஐ.எஸ். 2553 என்ற தர எண். பெயர் படிப்பதற்காக அல்ல, உயிருக்காக. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் வாள் வாளாக உடையும். டஃபன் செய்த கண்ணாடி கூர்மை இல்லாத சிறு கட்டிகளாக உதிரும். லேமினேட்டட் என்றால் உடைந்தாலும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். இந்தத் தாள் யோசனை பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனெதிக்துஸ் என்பவருடையது. 1903-இல் ஆய்வுக்கூடத்தில் அவர் கை தவறி விழுந்த குடுவை ஒன்று விரிசல் விட்டும் சிதறாமல் கிடந்தது. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம்தான் காரணம் என்று கண்டார். 1909-இல் காப்புரிமை எடுத்தார். ஆச்சி வீட்டு மணப்பெண்கள் எத்தனை பேர் அந்த சன்னல் கண்ணாடியில் முழங்கையை ஊன்றிப் போனார்களோ, நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கண்ணாடி மாற்றுவது என்று நாம் சொல்கிற வேலையில் கண்ணாடிக்குப் பங்கு குறைவு. பெரும்பாடு கதவுதான். மோரிஸில் ஏற்றி இறக்கும் கைப்பிடியைத் திருகாணி எதுவும் பிடித்திருக்காது. கைப்பிடிக்குப் பின்னால் இருக்கிற வட்டத் தட்டை உள்ளே அமுக்கினால் ஒரு சின்ன ஊசி தலைகாட்டும். அதைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கையோடு வரும். தெரியாதவர்கள் நெம்பி உடைப்பார்கள். மேஸ்திரி கட்டை விரலால் தட்டை அமுக்கிக்கொண்டே மறு கையால் ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டினார், ஊசி துண்டில் விழுந்தது. பிறகு டோர் பேடைக் கிளிப் கிளிப்பாக விடுவித்தார். பழைய ரெக்ஸினும் அட்டையும் பொடியாகக் கொட்டின.

உள்ளே பார்த்ததும் விரிசலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண்ணாடியின் அடி விளிம்பு ஓர் இரும்புச் சேனலில் ரப்பரோடு செருகியிருக்கும். விண்டோ மெஷினின் கை அந்தச் சேனலில் நகர்ந்துதான் கண்ணாடியைத் தூக்கும். சேனல் துருப்பிடித்து ஊதி, கண்ணாடியை இரண்டு பக்கமும் நெரித்திருந்தது. யாரோ கதவை ஓங்கிச் சாத்திய அன்றைக்கு அது விட்டுக்கொடுத்திருக்கிறது.

"துரு எப்படி வந்துச்சு, சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார். மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கும், பீடிங் சரியில்லை என்றேன்.

"பீடிங் புதுசா இருந்தாலும் தண்ணி உள்ள போகத்தான் செய்யும்ணே. கண்ணாடி ஏறி இறங்குற கதவுல தண்ணிய நிப்பாட்டவே முடியாது. உள்ள போற தண்ணி கீழ வெளிய போகணும், அவ்வளவுதான் கணக்கு." கதவின் அடி மடிப்பில் விரலை ஓட்டி, மண் அடைத்துக் கிடந்த துளைகளைக் காட்டினார். வண்டியைக் கழுவிக் கழுவி வைத்திருந்த வீடு அது. கழுவிய தண்ணீரெல்லாம் கதவுக்குள் குளமாக நின்றிருக்கிறது.

விரிசல் கண்ணாடியில் டேப்பை ஒட்டி இறக்கி எடுத்து, கடைக்குக் கொண்டுவந்து அட்டையில் அச்சு வரைந்தார். பழையதை அப்படியே நம்பி வரையவில்லை. அதுவே யாரோ தப்பாக வெட்டியது என்பதால், அட்டையைக் கதவுச் சட்டத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்துப் பின்பக்கம் ஒரு நூல் அளவு கூட்டிக்கொண்டார்.

வெட்டியதை நான் கிட்ட நின்று பார்த்தேன். தகடு, லாரி முன்கண்ணாடிக்கு வைத்திருந்த லேமினேட்டட். நம் ஊர்களில் கட்டுகிற லாரிக் கூண்டுக்குத் தட்டைக் கண்ணாடி போடுவதுண்டு. அந்தப் புண்ணியத்தில் இந்த மாதிரிப் பழைய கார்களும் பிழைக்கின்றன. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, அட்டை ஓரமாக ஒரே இழுப்பு. இழுக்கும்போது மெல்லிய கிர்ரென்ற சத்தம் அறுபடாமல் வர வேண்டும். எங்கே சத்தம் விடுகிறதோ அங்கே கோடு தப்பும் என்பார். பிறகு தகட்டைப் புரட்டி, மறு முகத்தில் அதே கோட்டுக்கு நேராக இன்னொரு இழுப்பு. கம்பளிக்கு அடியில் ஒரு குச்சியை வைத்து இரண்டு பக்கமும் மெல்ல அமுக்க, டக்கென்று மேல் தகடு விட்டது. புரட்டி அமுக்க, கீழ்த் தகடும் விட்டது. ஆனால் துண்டு பிரியவில்லை. நடுத்தாள் பிடித்திருந்தது. பாட்டிலில் இருந்து ஸ்பிரிட்டைக் கோட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுத் தீக்குச்சி கிழித்தார். நீலச் சுடர் கோடு நெடுகிலும் ஓடி அணைந்தது. அந்தச் சூட்டில் தாள் இளகிய ஒரு நொடிக்குள் துண்டை இழுத்துப் பிடித்து, இடுக்கில் பிளேடை விட்டு அறுத்துவிட்டார். சூடு அதிகமானால் கண்ணாடி வெடிக்கும், குறைந்தால் தாள் இழுபடும். எத்தனை சொட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

இதையெல்லாம் டஃபன் கண்ணாடியில் செய்ய முடியாது. 600 டிகிரிக்கு மேல் சுட வைத்து, இரு முகத்திலும் காற்றை அடித்துத் திடீரென்று குளிர வைத்தது அது. மேல்தோல் இறுகி நெருக்கிக்கொண்டும் உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கும். கட்டர் ஆழப் பதிந்தால் போதும், மொத்தமும் உதிர்ந்துவிடும். வெட்டுவது, துளை போடுவது, ஓரம் உரசுவது எல்லாம் சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஓடுகிற கார்களின் கதவில் பெரும்பாலும் இதுதான். போதாததற்கு வளைவு வேறு. ஆகவே கண்ணாடி இருக்கிறது அல்லது இல்லை. நடுவில் ஒரு கைவினைஞன் புக இடமில்லை.

தட்டைக்கும் வளைவுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட என் போனில் இருந்த மெக்லாரன் எஃப்1 படத்தை அவரிடம் நீட்டினேன். 1992 முதல் 1998 வரை மொத்தமே 106 வண்டிகள். கதவு இறக்கை மாதிரி மேலே எழும், கண்ணாடி கூரை வரைக்கும் ஏறும். ஆனால் அது முழுக்க இறங்காது. சின்னத் துண்டு ஒன்று மட்டும் திறக்கும். லம்போர்கினி கவுன்டாக்கிலும் இதே கதை. மேஸ்திரி படத்தை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இறங்காதுண்ணே. எங்க இறங்கும்? கண்ணாடி ஒரு வளைவு, கதவு ஒரு வளைவு."

பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான். வளைந்த வாள், அதே வளைவுள்ள உறைக்குள்தான் போகும். இரண்டு திசையில் வளைந்த வாளுக்கு உறை செய்வது அத்தனை எளிதல்ல.

எஃப்1-இன் கண்ணாடி 'செக்யூரிட்', பிரான்சின் செயின்ட் கோபைன் குழுமத்துடையது. 1665-இல், பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய அதே குழுமம் 2000-இலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில் தட்டைக் கண்ணாடி செய்கிறது. மேஸ்திரியின் சட்டத்தில் நிற்கிற தகடுகளில் சில அங்கிருந்து வந்தவைதான். ஒரே குடும்பச் சரக்கு. ஒன்று நூற்றுச் சொச்சம் கோமான்களுக்கு, ஒன்று லாரிக்கு. அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் கதவுக் கண்ணாடி நொறுங்கினால் கடை அலமாரியில் கிடைக்காது. தொழிற்சாலைக்கு எழுத வேண்டும், வைத்திருந்தால் தருவார்கள். இல்லையென்றால் அந்த ஒரு துண்டுக்காக அச்சு, சூளை எல்லாம் மறுபடி. கோடீஸ்வரனும் பள்ளத்தூர் ஆச்சியும் அந்த விஷயத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆச்சியின் வண்டி தட்டைக் காலத்தது என்பதால் அவருக்கு வரிசை சீக்கிரம் நகர்ந்தது.

திருச்சியிலிருந்து ராமேசுவரம் போகிற சாலையில் கல் அடித்து, அப்படி ஒரு தாழ்ந்த சிவப்பு வண்டி இவர் கடைக்கு ஒருமுறை வந்ததாம். கதவில் சட்டமே கிடையாது, கைப்பிடியைத் தொட்டதும் கண்ணாடி கொஞ்சம் தானாக இறங்குகிற வகை. இவர் பேடைக் கழற்றி, உள்ளே கொட்டிக் கிடந்த தூளை வேக்குவத்தால் உறிஞ்சி, வடிகால் துளைகளைக் குத்தி, மிச்சக் கட்டிகளைக் கையால் பொறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். காசு வாங்கவில்லை. "கண்ணாடி மாட்டலையே, எதுக்குக் காசு?"

இதில் எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை. அந்தத் தூளில் நாலு கட்டி உள்ளே தங்கியிருந்தாலும் லட்சக்கணக்கில் கொடுத்து மாட்டுகிற புதுக் கண்ணாடியை முதல் இறக்கத்திலேயே கீறியிருக்கும். சென்னையில் மாட்டியவர்கள் பில் போட்டிருப்பார்கள். பாதி வேலை காரைக்குடியில் இலவசமாக முடிந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மோரிஸுக்குக் கண்ணாடி மாட்டிய அன்று சேனலைச் சுரண்டித் துருத்தடுப்பு அடித்து, மெல்லிய ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துச் செருகினார். புதுத் தகடு பழையதைவிடத் தடிமன் என்பதால் பழைய ரப்பர் ஒத்துவரவில்லை. ஓரங்களை உப்புத்தாளால் உரசியிருந்தார், இருந்தும் என்னைத் தொட விடவில்லை. மெஷினுக்குக் கிரீஸ் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு ஏறிய கண்ணாடி, பின்பக்கம் முக்கி நின்றது. மறுபடி இறக்கி, கண்ணாடி ஓடுகிற பக்கச் சேனலின் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினார். ஏறியது. ஆச்சியே வந்து நாலு தரம் சுற்றிப் பார்த்தார்.

"மத்த மூணு கதவையும் பாத்துருங்க மேஸ்திரி" என்றார் ஆச்சி.

பையன் கம்பியை விட்டுக் குடைந்தான். முதல் கதவில் மண், இரண்டாவதில் மக்கிய வேப்பிலை. மூன்றாவதில் கம்பி எதிலோ முட்டி, ஒரு பத்துப் பைசா வெளியே வந்து விழுந்தது. மேஸ்திரி அதை ஆச்சியிடம் கொடுத்துவிட்டுச் சீட்டு எழுதினார். கண்ணாடிக்குச் சதுர அடி விலை, வீட்டுச் சன்னலுக்குப் போடுகிற அதே கணக்கு. கூலி தனி. பக்கவாட்டில் வெல்வெட் ஒட்டிய சேனல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறார், அங்கே இல்லையென்றால் கோயம்புத்தூரில் கேட்கவேண்டும். அதுவரை டிரைவர் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, கண்ணாடியை ஏற்றி வைத்துத்தான் சாத்த வேண்டும் என்று ஆச்சியிடம் இரண்டு முறை சொன்னார், டிரைவரைக் கூப்பிட்டு மூன்றாம் முறையும் சொன்னார்.