வயலில் விழுந்த விமானமும் புதிய ரிசீவரும்



எங்கள் விஞ்ஞானக் கழகத்தின் விமானம் வயலில் விழுந்ததைப் பற்றி ஊரில் பல கதைகள். "ட்ரோன் வெடிச்சிட்டாமே சேர்?" என்று கடைத்தெருவிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நடந்ததை நாங்களே சொல்லிவிடுகிறோம்.

அது ட்ரோன் அல்ல. பழைய மாணவர்களும் உயர்தரப் பிள்ளைகளும் சேர்ந்து செய்த, ஐந்து கிலோ அளவான மாதிரி விமானம். புல் வெட்டும் மெஷினில் இருப்பது போன்ற சின்ன பெற்றோல் எஞ்சின். அமெரிக்காக்காரர் இதை 'கேஸ்' விமானம் என்பார்கள், அதைக் கேட்ட ஒரு தாய், "சிலிண்டரை எங்க சேர் பூட்டுவீங்க?" என்று கவலைப்பட்டார். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஆளில்லா விமானங்கள் பறக்கவிடுவதை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இடைநிறுத்தியது நினைவிருக்கும். அதனால் அனுமதி விஷயத்தில் முதலிலிருந்தே கவனமாக இருந்தோம். கவனமில்லாமல் போனது ரிசீவரில்தான்.

எஞ்சினுக்குக் காசை அள்ளிக் கொட்டிவிட்டு, இணையத்தில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைத்த ரிசீவரைப் போட்டோம். சுது கங்கைப் பக்கம் திரும்பிய விமானம் திரும்பியபடியே போனது. ரிமோட்டை என்ன செய்தும் கேட்கவில்லை. எஞ்சின் முழு வேகத்தில் அலற, களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சிங்களத் தாய்க்கு முப்பது அடி தள்ளி விழுந்தது. ஓடிப்போன எங்களிடம், "பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையே?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அன்றிரவு எங்களுக்குத் தூக்கமில்லை.

மறுநாள் உடைந்ததை மேசையில் வைத்துப் பார்த்தோம். எல்லா சேர்வோ மோட்டர்களையும் ஒரே நேரத்தில் அசைத்ததும் ரிசீவரின் விளக்கு அணைந்து எரிந்தது. பற்றரி பலவீனம், அழுத்தம் விழுந்ததும் ரிசீவர் தூங்கி எழுந்திருக்கிறது. வானத்தில் அந்த ஒன்றிரண்டு செக்கன் போதும். போதாததற்கு எஞ்சினின் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பெட்டியை ரிசீவரோடு ஒட்டி வைத்திருந்தோம். மோட்டார் சைக்கிள் போகும்போது பழைய ரேடியோ கரகரக்குமே, அதே தொல்லைதான். இப்போதைய 2.4 கிகாஹேர்ட்ஸ் செட்டுகளை அது பழைய 35 மெகாஹேர்ட்ஸ் செட்டுகள் அளவுக்குப் பாதிக்காது. ஆனால் வயர் வழியாக வரும் இரைச்சலை அலைவரிசை தடுக்காது.

அடுத்ததை வாங்கும்போது ஒரு மாணவன், "விலை கூட சேர், இதை விட எஞ்சினைப் பெருசாக்கலாம்" என்றான். ஆட்டோ ஓட்டும் அவனது வாப்பா குறுக்கிட்டார்: "பிரேக் வாங்கக்குள்ளயா மகன் கஞ்சத்தனம்?" பேச்சு முடிந்தது.

ரிமோட் செய்த கம்பெனியின் ரிசீவரையே எடுத்தோம். ஃபுட்டாபாவின் மொழி ஸ்பெக்ட்ரமுக்குப் புரியாது. இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்பவரை நாங்கள் இனி நம்புவதாயில்லை. இரண்டு அன்டனா, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒன்றுக்குக் கேட்காத திசையில் மற்றது கேட்கும். எல்லாவற்றையும் விட நாங்கள் பார்த்தது ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் த்ரொட்டில் தானாகக் கீழே இறங்க வேண்டும். பழையதில் அது இல்லவே இல்லை. பொறிப் பெட்டிக்குத் தனிப் பற்றரி, தனி சுவிட்ச், ரிசீவருக்கு ஓரடிக்கு மேல் தூரம். எஞ்சின் அதிர்வுக்காக ரிசீவரைப் பஞ்சில் சுற்றினோம்.

நேற்று அஸருக்குப் பிறகு விமானத்தைக் கட்டிப்போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ரிமோட்டின் சக்தியைக் குறைத்து முப்பது எட்டு நடந்தோம். எல்லாம் அசைந்தன. பிறகு ரிமோட்டையே அணைத்தோம். எஞ்சின் சத்தம் மெல்ல இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இனி வயலுக்கு மேலால் விடமாட்டோம். விமானம் விழுந்து நசுங்கிய நெல்லுக்குக் காசு கொடுக்கப் போனோம். அந்தத் தாய் வாங்கவில்லை. வரும்போது இரண்டு பலாக்காய் தந்து அனுப்பினார்.