மூணு வயசு மூக்குக்கு ஒரு மாஸ்க்

2022 பிப்ரவரி 16. தமிழ்நாட்டுல நர்சரியும் ப்ளே ஸ்கூலும் மறுபடி திறந்த நாள். 2020 மார்ச்சுல மூடினது, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்! அன்னைக்குக் காலைல எந்த ஊர் ப்ளே ஸ்கூல் வாசல்லயும் பார்த்திருக்கக்கூடிய காட்சிதான் காரைக்குடியிலும்.

ஸ்கூட்டர்ல இருந்து ஒரு அம்மா இறங்குறாங்க. முன்னாடி நின்னுக்கிட்டு வந்த மூணு வயசுப் பையன் முகத்துல சோட்டா பீம் போட்ட மாஸ்க். செக்காலை ரோட்டுல கிளம்பும்போது மூக்குல இருந்தது, கல்லுக்கட்டி தாண்டுறப்ப தாடைக்கு வந்துடுச்சு, ஸ்கூல் வாசல்ல வாய்க்குள்ள! எச்சில்ல ஊறி, பார்க்கவே பாவமா இருக்கு. அம்மா கழட்டிட்டாங்க.

"மாஸ்க் இல்லாம உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா." இது வாசல்ல நிக்கிற ஆயாம்மா.

"அஞ்சு வயசுக்குக் கீழ வேண்டாம்னு கவர்ன்மென்ட்டே சொல்லிருக்குங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களைத்தான கேப்பீங்க?"

டிபன் பாக்ஸ் பையில இருந்து ரெண்டாவது மாஸ்க் வெளிய வருது. (மொத்தம் மூணு. அனுபவசாலி!)

அந்த அம்மா சொன்னது சரி. மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2021 ஜூன்லயே, 5 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் பரிந்துரைக்கப்படலைன்னு சொல்லிடுச்சு. 6லேர்ந்து 11 வரைக்கும், பெரியவங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டா போடலாம். 2022 ஜனவரியில வந்த திருத்தத்துலயும் அதேதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இதை 2020 ஆகஸ்ட்லயே சொல்லியாச்சு. காரணம் ரொம்ப சிம்பிள்: அந்த வயசுக் குழந்தையால மாஸ்க்கை ஒழுங்கா போட்டுக்கவும் முடியாது, கழட்டவும் தெரியாது.

ஆனா ஆயாம்மா சொன்னதும் தப்பில்லையே? மாஸ்க் போடாட்டி 200 ரூபாயா இருந்த அபராதம் அந்த ஜனவரியிலதான் 500 ஆயிருந்தது. பள்ளிக்கூடம் நடத்துறவங்களுக்கு டெல்லி பேப்பர்ல இருக்கிற வயசு வரம்பு எங்க ஞாபகம் வரும், 500 ரூபாதான் வரும். அதோட, வாசல்ல நின்ன பெத்தவங்க எல்லாரும் ஒரே கட்சியும் இல்லை. பெரிய வீடு, நடுவுல வளவு, உள்ள சர்க்கரை நோயோட அப்பத்தா, இதய ஆபரேஷன் பண்ணின ஐயா. "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, அது கொண்டாந்து அப்பத்தாவுக்குக் குடுத்துட்டா?"ன்னு கேட்டா யார்கிட்ட பதில் இருக்கு?

அப்புறம் எரிச்சல் எங்க வருதுன்னா, உள்ள நடக்கிறதைக் கேள்விப்படும்போதுதான். பத்தரை மணிக்கு ஸ்நாக்ஸ். எல்லா மாஸ்க்கும் கழண்டாச்சு, வட்டமா உட்கார்ந்து ஒருத்தன் முறுக்கை ஒருத்தன் கடிச்சாச்சு. முடிஞ்சதும் மாஸ்க் மறுபடி ஏறுது. ஆனா யாரோட மாஸ்க்? சோட்டா பீம் கொண்டு போன பையன் சாயங்காலம் மோட்டு பத்லுவோட திரும்பி வர்றான்! அதே வாரம் கல்யாணத்துக்கு 200 பேர் வரலாம்னு அனுமதி. பந்தியில எவன் மாஸ்க் போட்டு சாப்பிடுவான்?

வணிகவியல் படிக்கிறவங்களுக்கு இது பழகின கணக்குதான். விதி போடுறவருக்குச் செலவு சைபர். செலவெல்லாம் அதைத் தினமும் மூணு வயசுக்காரன் காதுல மாட்டுற ஆளுக்கு. 10 ரூபா மாஸ்க்கை விடுங்க, அழுகைக்கும் ஆபீஸுக்கு லேட்டானதுக்கும் எந்தப் பேரேட்டுல பற்று எழுதுறது?

எழுதவே முடியாத இன்னொரு செலவும் உண்டு. 2019ல பொறந்த குழந்தைக்கு வெளி ஆள் முகம்னாலே கண்ணும் நெத்தியும்தான். 'பழம்' சொல்லும்போது நாக்கு எங்க மடியுதுன்னு டீச்சர் வாயைப் பார்த்துத்தான கத்துக்கணும்? டீச்சருக்கும் மாஸ்க். 'ழ' வராட்டி யாரைக் குத்தம் சொல்ல... (மாஸ்க் வர்றதுக்கு முன்னாடியும் பல பேருக்கு வரலை, அது வேற கதை :-))

இது நம்மூர்க் கூத்து மட்டும்னு நினைச்சா, இல்லை. அமெரிக்காவுல 2 வயசுலேர்ந்தே மாஸ்க்னு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லிச்சு. இங்கிலாந்துல 11 வயசு வரைக்கும் தேவையில்லைன்னாங்க. ஒரே கிருமி, மூணு நாட்டுல மூணு வயசு! நியூயார்க் நகரத்துல 2022 மார்ச் 7 அன்னைக்குப் பெரிய பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயம் போச்சு. 5 வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்கு மட்டும் போகலை, அவங்களுக்கு இன்னும் தடுப்பூசி வரலையாம். பெத்தவங்க போராடினாங்க, வழக்குப் போட்டாங்க. கடைசியில ஜூன் 13 அன்னைக்குத்தான் கழட்ட விட்டாங்க. அதாவது, நோயால ஆபத்து குறைவா இருந்த பொடிசுங்கதான் கடைசி வரைக்கும் போட்டுக்கிட்டு இருந்தது.

காரைக்குடியில அப்படி ஒரு தேதி எல்லாம் இல்லை. வாசல்ல கேட்கிறது ஒரு நாள் நின்னு போச்சு, அவ்ளோதான். யாரும் யார்கிட்டயும் தப்புன்னு சொல்லலை. டிபன் பாக்ஸ் பையில மிச்சமிருந்த சோட்டா பீம் மாஸ்க் ரெண்டு ஜன்னல் கம்பியில தொங்குது. பொம்மைக்குத் தூளி.