பாலத்தின் மேல் படம் எடுக்கக் கூடாது!

இலையுதிர் காலப் படங்களைத் தேடினால் அடிக்கடி கண்ணில் படுவது ஒரு மரப்பாலம். மேலே கூரை, கீழே பள்ளம் முழுக்கச் சிவப்பு மேப்பிள் மரங்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில், தோஃபுகுஜி என்ற ஜென் கோயிலில் இருக்கும் சூதென்கியோ பாலம்தான் அது. படத்தில் ஒரு ஈ, காக்கை இருக்காது. நேரில் போனவர்களுக்குத்தான் தெரியும் சங்கதி!

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து அடுத்த ஸ்டேஷன்தான். நவம்பர் கடைசியில் போனால் நம்மூர் தேர்த் திருவிழாக் கூட்டம். எல்லோருக்கும் பாலத்தின் நடுவில், பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் மாடத்தில் நின்று ஒரு படம் வேண்டும். முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். 1959-ல் புயலில் விழுந்து, 1961-ல் மறுபடி கட்டிய பாலம் அது. கடைசியில் 2016-ல் கோயில்காரர்கள், இலை சிவக்கும் உச்ச நாட்களில் பாலங்களின் மேல் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

கேமராக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். விமானம் ஏறி வந்தவன், டிக்கெட்டும் வாங்கிவிட்டு, கேமராவைப் பையில் வைக்க வேண்டுமா என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நெரிசலில் யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது கோயில் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சுமார் 600 வருடங்களுக்கு முன்னால் இங்கே செர்ரி மரங்கள் இருந்தனவாம். மின்ச்சோ என்ற ஓவியத் துறவிக்கு ஷோகன் யோஷிமோச்சி பரிசு தர விரும்பியபோது, அவர் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. செர்ரி மரங்களை வெட்டச் சொன்னாராம். பூ பூத்தால் கூட்டம் கூடிக் கூத்தடிக்கும், கோயில் கேளிக்கை இடமாகிவிடும் என்ற பயம். இது வழிவழியாகச் சொல்லும் கதை. கூட்டம் வேண்டாம் என்று பூவை விரட்டினார், பாவம். இலைக்கு வந்துவிட்டது கூட்டம்!

பாலத்தை விட்டால் படமே இல்லை என்பதும் சரியல்ல. கீழே தோட்டத்துக்கு இறங்கினால் இலைகளுக்கு நடுவே பாலத்தையே எடுக்கலாம். வெயிலை விட மேகமூட்டம் நல்லது. ஈர இலையின் பளபளப்பு நிறத்தை மறைக்கும். லென்ஸில் போலரைசர் மாட்டித் திருப்பினால் அது அடங்கி, சிவப்பு எழும்பி வரும். டிஜிட்டலில் சிவப்பு சீக்கிரம் வெளுத்து, இலை நரம்பெல்லாம் காணாமல் போகும். அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும்.

விடிகாலையில் முதல் ஆளாகப் போனால் என்ன? அந்த யோசனை எல்லோருக்கும் வந்துவிட்டது. கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கிறது. மழை நாள்தான் ஒரே வழி. கூட்டம் கொஞ்சம் குறையும், நிறமும் கூடும். என்ன, படத்தில் நாலு குடை விழும். விழட்டுமே!