க்யூவைக் கையில் வைத்திருப்பவர்கள்

ஆங்கிலம் படிப்பித்து ஓய்ந்த ஒருவன் ஊரில் இருந்தால் அவன் வீட்டுப் படலை சும்மா கிடக்காது. முன்பு விண்ணப்பம் நிரப்ப வந்தார்கள், தந்தி வாசிக்க வந்தார்கள். இப்போது வருவது அநேகமாகப் பொடியள். "சேர், இந்த ஏழு எழுத்தும் வாற சொல் ஒண்டு சொல்லுங்கோ." போனில் விளையாடுகிறவர்களும் உண்டு, ஸ்கிரபிள் பலகையோடு விறாந்தைக்கே வந்துவிடுகிறவர்களும் உண்டு. கந்தோர்க் கடிதம் எழுதிக் கொடுப்பதைவிட எனக்கு இது பிடித்த வேலை.

ஈ, ஏ, ரீ என்று மூன்று எழுத்தைக் கொடுத்தால் உடனே 'ஈற்' என்பார்கள். தின்பதோடு நின்றுவிடும். அதே மூன்றுக்குள் தேத்தண்ணியும் இருக்கிறது, தின்று முடித்ததும் இருக்கிறது: ரீ, ஏற். இது ஏன் தெரிவதில்லை? நமது காது தமிழ்க் காது. ஒலியைப் பிடித்துக்கொண்டு போகும். ஆங்கில எழுத்தோ ஒலிக்குக் கட்டுப்படாதது. ஆகவே முதலில் வாயை மூடு, கட்டைகளை வட்டமாக அடுக்கு என்பேன். வட்டத்தில் எதுவும் முதலெழுத்து இல்லை. பிறகு வாலைத் தேடு: ஐ-என்-ஜீ இருக்கிறதா, ஈ-ஆர் இருக்கிறதா? வாலைக் கழற்றி அப்பால் வைத்தால் மிச்சம் நாலைந்து எழுத்துத்தான். பயம் போய்விடும்.

எழுத்தைக் கொடுத்துச் சொல்லைத் தேடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சூடாமணி நிகண்டை நெட்டுருப் பண்ணுவித்தார்கள். மண்டல புருடர் செய்த அந்த நூலில் 12 தொகுதிகள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினோராம் நிகண்டில் முதலெழுத்து வரிசை கிடையாது. இரண்டாம் எழுத்தைப் பார்த்து, எதுகைப்படி அடுக்கியிருப்பார்கள். அகராதி புரட்டிப் பழகியவனுக்கு இது தலைகீழ். பாட்டுக் கட்டுகிறவனுக்கு வேண்டியதோ இதுதான். முதலெழுத்து எதுவானாலும் அவனுக்குக் கவலையில்லை, இரண்டாமிடத்தில் இன்ன எழுத்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தபோது நாலில் ஒரு பாகத்தைத் தொடை அகராதி என்று இதற்கே ஒதுக்கினார். ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் போனபோது அங்கே அச்சிட்டவற்றில் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதி யமகத்தில் ஆனது. அடிதோறும் அதே எழுத்துகள் வரவேண்டும், பொருள் மட்டும் வேறாக வேண்டும். ஏழு கட்டையோடு முழிக்கிற பொடியனின் பாடு அந்தப் புலவரின் பாட்டுக்குக் கால் தூசு.

1842இல் மானிப்பாயில் மிசன் அச்சகத்தார் வெளியிட்ட அகராதியில் 58,500 சொற்கள், எல்லாம் முதலெழுத்து வரிசையில். அந்த வரிசை தேடலுக்கு வசதி, மறுக்கவில்லை. சொல்லுக்குள் முன்வாசலால் மட்டும் போகலாம் என்பதுதான் அதில் குறை.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. ஸ்கிரபிளுக்கு எங்கே போவது? சவர்க்காரப் பெட்டி மட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி எழுத்தும் புள்ளியும் எழுதினோம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எம் எது, டபிள்யூ எது என்று சண்டை வரும். அடியில் சிவப்புக் கோடு போட்டுத் தீர்த்தோம். ஆனாலும் ஒரு கெட்டிக்காரன் 'என்' என்ற எழுத்தைச் சரித்து வைத்து இசட் என்று சாதித்து, 1 புள்ளிக் கட்டைக்கு 10 புள்ளி வாங்கினான். புள்ளியையும் மட்டையில் எழுதியிருக்கிறோமே என்று காட்டினால், விளக்கு மங்கல், தெரியவில்லையாம்! இன்று அவன் கணக்காளர்.

இந்த விளையாட்டைச் செய்தவரும் கையில் ஒன்றுமில்லாத நேரத்தில்தான் செய்தார். அல்பிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் மந்தத்தில் வேலை போய், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணினார். 100 கட்டைகளின் பங்கீடு அதிலிருந்து வந்தது. ஈ 12, க்யூ ஒன்றே ஒன்று. எஸ்ஸை மட்டும் வேண்டுமென்றே நாலாகக் குறைத்தார், கண்ட சொல்லுக்கெல்லாம் பின்னால் ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்கள் என்று. ஸ்கிரபிள் என்ற பெயர் 1948இல் வந்தது.

க்யூவுக்கு 10 புள்ளி. அந்தப் பத்தில்தான் பொடியள் மாட்டுப்படுகிறார்கள். க்யூ வந்ததும் யூவுக்குக் காத்திருப்பார்கள். அடுத்த முறை வரும், அதற்கடுத்த முறை வரும். மற்ற ஆறு கட்டையில் அருமையான சொல் கிடக்கும், கண் போகாது. கடைசியில் க்யூ கையிலேயே மிஞ்ச, அந்தப் பத்தும் கழிபடும். ஊரிலும் இப்படிச் சிலரைக் காண்கிறேன். ஸ்பொன்சர் வரும், ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான், மாசிக்குள் பறப்போம் என்பார்கள். அதுவரை தோட்டக் காணியில் புல் மண்டும், வெங்காயம் நடமாட்டார்கள், படித்த தொழிலுக்கும் போகமாட்டார்கள். வெளிநாடு போவதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகளும் கனடாவில்தான். காத்திருக்கிற காலத்துக்கும் வயது ஏறும் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

யூ இல்லாமலே க்யூவைப் போடலாம் என்றால் பொடியள் நம்புவதில்லை. சீனரின் உயிர்மூச்சைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது. யேமன்காரர் கொடுப்புக்குள் அடக்கும் இலையின் பெயர் மூன்றெழுத்து. பக்கீரையும் க்யூ போட்டு எழுதலாம். அதுவும் சரிவராவிட்டால் கட்டையைப் பைக்குள் போட்டு வேறு எடுக்கலாம். ஒரு முறை ஆட்டம் போகும், அவ்வளவுதான். ஆனால் பைக்குள் ஏழு கட்டையாவது மிச்சமிருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பது சட்டம்.

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டுப் போய், செல்லுபடியாகும் இரண்டெழுத்துச் சொற்களையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். நூற்றுக்கு மேலே இருக்கின்றன. பாதிக்கு அவனுக்குப் பொருள் தெரியாது, எனக்கும் சிலதுக்குத் தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வெல்கிறான். தோற்ற அன்று நான் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போகிறேன் என்று மனுசி சொல்கிறா. அது சீனி கூடிவிட்டதாலே.