மூன்றரை மணி நேர தூரம்

அசாமின் திப்ருகருக்கு மாற்றல் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்கேருந்து மதுரைக்கு வர எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

வங்கிக்காரன் ஆயிற்றே, உடனே கணக்குப் போட்டேன். திப்ருகர் விமான நிலையத்திலிருந்து (ஊர்க்காரர்களுக்கு அது மோகன்பாரி) மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 2,650 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும். "மூன்றரை மணி நேரம்தாம்மா" என்றேன். அம்மாவுக்கு ஏக நிம்மதி. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அப்படி நேராகப் பறக்க விமானமே கிடையாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2019 டிசம்பரில் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அண்ணன் போன் செய்தார். அப்பா போய்விட்டார். இங்கே ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டிசம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியனுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே இன்னும் நல்ல வெயில்.

"எப்படா வருவ? எத்தனை மணிக்கு எடுக்கறதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவல்ல?"

வந்துவிடுவேன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. கொல்கத்தாவில் நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. சென்னையில் இறங்கும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. மதுரைக்கு இனி காலையில்தான் விமானம் என்றார்கள். டாக்ஸி பிடித்து, ராத்திரி முழுக்க வந்து, வீட்டு வாசலில் இறங்கியபோது காலை ஆறு. போன் வந்து 38 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது நாலு மணி நேரம்கூட இல்லை.

அப்பா ஐஸ் பெட்டியில் காத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூன்றரை மணி நேரம்னு சொன்னியேப்பா" என்றார்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பியபின் மறுபடி கணக்குப் போட்டேன். திப்ருகர்-கொல்கத்தா சுமார் 853, கொல்கத்தா-சென்னை 1,385, சென்னை-மதுரை 418. கூட்டினால் 2,656 கி.மீ. நேர்கோட்டுக்கும் இதற்கும் ஐந்தாறு கி.மீ. முன்னே பின்னே, அவ்வளவுதான்! சுற்றுவழி என்றே சொல்ல முடியாது. ஆக, தூரத்தின் மேல் பழி போட வழியில்லை. நேரத்தைத் தின்றது முழுக்கக் காத்திருப்புதான். சின்ன ஊர்களுக்கு விமானம் எத்தனை என்பதுதான் கேள்வி, எவ்வளவு வேகம் என்பதல்ல.

இப்போதெல்லாம் பீரோ கதவில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அன்றிரவே மதுரை போக எந்த விமானத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று. நேர அட்டவணை மாறும்போதெல்லாம் திருத்தி எழுதுகிறேன்.

வெளியூரில் இருக்கும் நண்பர்களே, வீட்டில் கேட்டால் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லாதீர்கள். கடைசி இணைப்பு விமானம் எப்போது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன மாதம் அம்மா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். "இன்னைக்குக் கிளம்பினா நாளைக்குதாம்மா" என்றேன்.

"சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்.