பங்கர் ஹில் தூணும் ஜூன் ஊர்வலமும்

பாஸ்டன் நகரின் சார்ல்ஸ்டவுன் பகுதியில், குன்றின் உச்சியில் 221 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. நாற்புறமும் சரிந்தேறி உச்சியில் கூம்பாக முடியும் ஒபெலிஸ்க் என்னும் எகிப்திய வடிவம் அது. அமெரிக்க விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டையில், 1775 ஜூன் 17 அன்று பிரிட்டிஷ் படையோடு மோதி மடிந்த போராளிகளுக்காக எழுப்பப்பட்டது. அவர்களில் பலரை, வென்ற படை அந்த மண்ணிலேயே அடையாளமின்றிப் புதைத்துவிட்டது. மருத்துவரும் தலைவருமான ஜோசப் வாரனின் உடல் மறு ஆண்டு தோண்டி எடுக்கப்பட்டபோது, பொய்ப்பல்லைக் கொண்டுதான் இன்னார் என்று தெரிந்தது. ஆகவே இத்தூண் ஒருவகையில் அவர்களுக்கான கல்லறைக் கல். ஆனால் அதன் உடலில் ஒரு பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் 1889இல்தான், சற்றுத் தள்ளியுள்ள வின்த்ராப் சதுக்கத்தில் வைக்கப்பட்டன. ஆண்டுதோறும் ஜூனில் அக்கம்பக்கத்துத் தெருக்களில் வாத்தியக் குழுக்கள் முழங்க ஊர்வலம் போகிறது. உறவும் நட்பும் வீடுகளில் கூடி விருந்துண்கின்றன. இதை நினைவிடத்தின் ஓரத்தில் நடக்கும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பேசாத கல்லுக்குப் பொருள் கொடுப்பது இந்தக் கொண்டாட்டமே என்பது என் வாதம்.

இந்தத் தூண் எழுந்த விதமே இதற்கு முதல் சான்று. 1825இல், போரின் ஐம்பதாம் ஆண்டில், பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் முன்னிலையில் பெருந்திரள் கூட்டத்தோடு அடிக்கல் நாட்டினார்கள். குவின்சி என்னும் ஊரில் வெட்டிய கல்லைக் கொண்டுவர, குதிரைகள் இழுக்கும் தண்டவாளமே போட்டார்கள். பிறகு பணம் தீர்ந்து வேலை நின்றது. கட்டுமானச் சங்கம் போர்க்களத்தின் பெரும்பகுதியை வீட்டுமனைகளாக விற்கும் நிலைக்கு வந்தது. முடங்கிக் கிடந்த அந்த வேலையை மீட்டவர்கள் பெண்கள். பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேலின் முயற்சியில் 1840இல் ஒரு வாரம் சந்தை நடத்தி, தாங்களே செய்த கைவினைகளையும் தின்பண்டங்களையும் விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டினார்கள். துக்கத்தின் சின்னம் என்று நாம் பார்க்கும் இந்தத் தூணை நிறைவு செய்ததில் ஒரு திருவிழாவின் வருமானத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

கல்லறை வடிவத்துக்கு முன்னால் மேளமும் கூத்தும் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. எகிப்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. பழைய அரசுக் காலத்தில் சிறு ஒபெலிஸ்குகள் கல்லறை வாயில்களில் நின்றன. பின்னாளில் பெரியவை கோயில் வாயில்களில் நின்றன. நைல் வெள்ளப் பருவத்து ஓபெத் விழாவில், ஆமுன் தெய்வத்தை கர்னாக்கிலிருந்து லக்சர் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். லக்சரின் வாயிலில் இரண்டாம் ராம்செஸ் நிறுத்திய இணைத் தூண்களில் ஒன்று இப்போது பாரிஸில் இருக்கிறது. சாவும் திருவிழாவும் இந்த வடிவத்தோடு பழங்காலத்திலிருந்தே சேர்ந்து வந்தவை.

இன்னொரு கேள்வி, அந்த விழா யாருடையது என்பது. 1834இல் சார்ல்ஸ்டவுனில் ஒரு கத்தோலிக்கக் கன்னிமடத்தைப் புராட்டஸ்டண்ட் கும்பல் தீவைத்து எரித்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர்களால் அதே பகுதி நிறைந்தது. 1775 போரில் அவர்களுக்கு முன்னோர் இல்லை. ஆனாலும் ஜூன் 17ஐத் தங்கள் ஊர்த் திருநாளாக்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள்தாம். பரம்பரை உரிமை கேட்காமல் எவரையும் சேர்த்துக்கொள்ளும் இந்த இயல்பு விழாவுக்கு உண்டு. பெயர் பொறித்த கல்லுக்கு இல்லை.

கனமான மறுப்பு வேறொன்று இருக்கிறது. கொண்டாட்டம் உண்மையை மூடவும் வல்லது. 1843 திறப்பு விழாவுக்கு வந்த குடியரசுத் தலைவர் ஜான் டைலர், அடிமைகளை வைத்திருந்தவர். ஏழு வயதில் தூரத்துக் குன்றிலிருந்து அந்தப் போரைக் கண்ட முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், டைலர் இருக்கும் மேடைக்கு வர மறுத்துவிட்டார். ஆடம்ஸ் செய்தது சரி. ஆனால் மூடியதைத் திறக்கவும் விழாவால் முடியும். அதே போரில் கறுப்பின வீரர் சேலம் பூர் காட்டிய தீரத்தைப் பாராட்டி, 1775 டிசம்பரில் பதினான்கு அதிகாரிகள் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். அவர் உயிரோடு தப்பியவர். அதனால் இறந்தோர் பலகையில் அவர் பெயருக்கு இடமில்லை. கல்லில் இனி அவரைச் சேர்ப்பது எளிதல்ல. ஊர்வலத்தில் அந்தத் தடை இல்லை: அடுத்த ஜூனிலேயே அந்த மனுவைத் தூணின் அடியில் நின்று உரக்க வாசிக்கலாம்.