ஜாசினிலிருந்து ஒரு சப்பாத்துக் கடிதம்

ஜாசின், மலாக்கா

அன்புள்ள மாப்பிள்ளை,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் பசியாறியாயிற்று. இனி உன் கேள்விக்கு வருகிறேன். கல்கரியில் நான் விமானம் ஏறுகிற நேரத்தில் கேட்டு எழுதியிருந்தாய்: தூள்பனியிலும் ஓட வேண்டும், இறுகிய பனியிலும் பிடிக்க வேண்டும், அப்படி ஒரே ஜோடி ஸ்கீ எது? இரண்டு ஜோடிக்குப் பணமும் இல்லை, குடியிருப்பின் கீழறையில் வைக்க இடமும் இல்லை என்று.

பூமத்திய ரேகைக்கு இரண்டே பாகை வடக்கே, காலை எட்டு மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஸ்கீ பற்றி எழுதுவது கேலிக்கூத்துதான். ஆனால் மலேசியாவே 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்குக்கு ஜெஃப்ரி வெப் என்ற பனிச்சறுக்கு வீரரை அனுப்பிக் குளிர்கால ஒலிம்பிக்கில் முதல்முறை கால் வைத்ததே, நான் எழுதினால் என்ன? உனக்கான பதில் ஜாசின் கடைத்தெருவில் ஒரு சீனர் கடை வாசலில், கயிற்றில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முழுக்கக் கறுப்பு ரப்பர். தையல் கிடையாது, கயிறு கிடையாது, அச்சில் வார்த்து எடுத்த சப்பாத்து. அடியில் காற்பந்துச் சப்பாத்தைப் போலக் குமிழ் குமிழாகப் பற்கள். விலை பத்து வெள்ளியை (ரிங்கிட்) சுற்றித்தான். நாடு முழுக்க இதை ‘அடிடாஸ் கம்போங்’ என்கிறார்கள், கிராமத்து அடிடாஸ். ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஊர் கேலியாக வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரத் தவுக்கே என் காலைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஓர் அளவு சிறியதை எடுத்துக் கொடுத்தார். “லூசா போட்டா கொப்புளம் வரும்” என்றார் தமிழில்.

நான் தங்கியிருப்பது மாமா வீட்டில். மாமா என்றால், கல்யாணப் பெண்ணைக் கட்டியவரின் தகப்பனார். ஆசாகான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஓய்வு பெற்றபின் சின்னதாய் ஒரு சொந்தத் தோட்டம் வைத்திருக்கிறார், இன்னும் தானே கத்தி பிடிக்கிறார். இந்தச் சப்பாத்தைத் தவிர வேறொன்றை அவர் காலில் நான் பார்த்தது கல்யாணத்தன்று மட்டுந்தான். “ஏன் மாமா, நல்லதா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “தோட்டத்துல வழுக்கி விழுந்தா வாளிப் பாலும் போச்சு, இடுப்பும் போச்சு. ரோட்டுல கால் வலிச்சா வீட்டுக்கு வந்து சுடுதண்ணி ஊத்திக்கலாம்லா” என்றார். இந்த இரண்டு வாக்கியத்தை நன்றாகப் பிடித்துக்கொள். ஸ்கீ விற்கிற கடையில் யாரும் இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் பேச்சு உனக்கு முழுதாகப் புரியாது. மலேசிய மண்ணியலில் ‘மலாக்கா வரிசை’ என்றே ஒரு மண்வகை உண்டு. களிமண், அதற்குள் நெருக்கமாக இரும்பேறிய செம்பூராங்கல் சரளை. நாலு நாள் வெயில் அடித்தால் மண்சடக்கு இறுகிப் பாறை மாதிரி ஆகிவிடும், மேலே சரளை காலடியில் உருளும். மாலையில் ஒரு மழை கொட்டினால் அதே சடக்கு மறுநாள் விடியலில் வெண்ணெய். ஒரே வழியில், ஒரே வாரத்தில், இரண்டு நிலம். நம் லேக் லூயிஸ் ஸ்கீ மலையில் வெள்ளிக்கிழமை இரவு பனி கொட்டி, சனி முழுக்க ஆட்கள் மிதித்து, ஞாயிறு காலை கண்ணாடியாகக் கிடக்குமே, அந்தக் கதைதான்.

முன்பு இந்தச் சப்பாத்துகூட இல்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டக் கதை தொடங்குவது இந்த மாநிலத்தில்தான்: சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி விடாமல் நச்சரித்து, மலாக்காவின் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், பிறகு புக்கிட் ஆசாகானில் பெரிதாக. மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் நடந்தது வெறுங்காலில். உலகத்து வண்டிகளுக்கெல்லாம் டயராக ஓடப்போகிற பாலை வாளியில் சுமந்தவன் காலில் ஒரு துண்டு ரப்பர் கிடையாது. விளைவு கொக்கிப்புழு. ஈரமண்ணிலிருந்து பாதத்துத் தோல் வழியே ஏறி, குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கும். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று இதை ஆராயவே மலாயா, ஜாவா, ஃபிஜி என்று சுற்றியது. ஆகவே இந்தப் பத்து வெள்ளிச் சப்பாத்தைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

விடியுமுன் மாமாவோடு தோட்டத்துக்குப் போனேன். பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறாத நேரத்தில்தான். அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கோடு நிரை பிடிக்க வேண்டும். முந்தின இரவு தூறல். பட்டை காய்ந்துவிட்டது, தரை காயவில்லை. சரிவில் என் ஓட்டச் சப்பாத்து பத்தடிக்குள் தோற்றது. அடியிலிருந்த நுணுக்கமான பள்ளங்களில் களி அடைத்துக்கொண்டு, வழவழவென்று இரண்டு செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் போய் ரப்பரை மாட்டிக்கொண்டு வந்தேன். பற்களுக்கு நடுவே இடைவெளி அகலம், சேறு தங்காமல் விழுந்துவிடுகிறது. அடி மெல்லியது, வேர் எங்கே கல் எங்கே என்று பாதத்துக்குத் தெரிகிறது. ஓடைக்குள் கால் விட்டால் தண்ணீரைக் குடிப்பதில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற மாமா பக்கவாட்டில் ஊசியைக் காய்ச்சிச் சிறு துளைகள் போட்டிருக்கிறார். அட்டைக்குக் காற்பந்துக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டால் போதும்.

பிறகு பசியாற ஒட்டுக்கடைக்குத் தார்ச்சாலையில் நடந்தோம். அங்கேதான் விலை தெரிந்தது. ஒவ்வொரு பல்லும் உள்ளங்காலில் தனித்தனியாகக் குத்தியது. காற்று புகாத ரப்பருக்குள் பாதம் வெந்தது. கடை வாசலை எட்டியபோது குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை. மாமா தேத்தண்ணீர் சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு உட்கார்ந்தார். சுற்றி இருந்தவர்களும் அப்படியே.

கைபேசியில் ஸ்கீ ஓடுகிற படம் காட்டினேன். மனிதர் வேகத்தையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. “இதுல கத்தி எங்கப்பா?” என்றார். மரத்தின் உயிருள்ள அடுக்கைத் தொடாமல், அதற்கு மயிரிழை முன்னால் நிறுத்துகிற மாதிரிப் பட்டையைச் சீவுகிறவர், தினமும் கல்லில் கத்தி தீட்டுகிறவர், வேறு எதைக் கேட்பார்? ஸ்கீயின் இரண்டு ஓரத்திலும் எஃகு விளிம்பு ஓடுகிறது என்று பெரிதாக்கிக் காட்டினேன். “தீட்டுவீங்களா?” என்றார். தீட்டுவோம் என்றேன். நீ கடைசியாக எப்போது தீட்டினாய் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் பனியும் சேறும் எதிரெதிர் என்பதைக் கவனி. சேற்றுக்கு அடியில் உறுதியான மண் பக்கத்திலேயே இருக்கிறது, பல் அதைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். தோட்டத்து மோட்டார் சைக்கிள்களின் ஒடுக்கமான டயரும் அப்படித்தான் இறங்கிப் பிடிக்கிறது. தூள்பனியில் அடித்தரை எங்கோ இருக்கிறது, தேடிப் போனால் இடுப்புவரை புதைவாய். அங்கே மிதக்க வேண்டும், மிதக்க அகலம் வேண்டும். இறுகிய பனியில் அகலம் வெறும் பாரம், விளிம்பு பனிக்குள் கடித்து நிற்பதுதான் எல்லாம். அகலமான ஸ்கீயில் விளிம்பு உன் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது, சாய்க்க நேரமும் பலமும் அதிகம் வேண்டும், முழங்காலும் முனகும். காலடியில் 85 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீழே உள்ளவை இறுகுபனிக்குப் பிறந்தவை, 105-க்கு மேலே உள்ளவை தூளுக்கு. நடுவில் இருப்பவற்றை எல்லா மலைக்கும் ஏற்றவை என்று விற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஏற்றது என்ற பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. ஜாசினிலிருந்து மெர்லிமாவ் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. பழைய ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. அங்கே குலை வெட்டுகிற ஆட்கள் மாமாவின் சப்பாத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மட்டையின் முள் அந்த மெல்லிய ரப்பரைச் சாதாரணமாகத் துளைத்துவிடும். குவித்த மட்டைக்குள் பாம்பும் இருக்கும். பயிர் மாறியதும் ‘எல்லாவற்றுக்கும் ஏற்ற’ சப்பாத்து ஒரே நாளில் எதற்கும் ஏற்காததாகிவிட்டது. உன் கணக்கிலும் முதலில் பயிரைக் கேள்: நீ உண்மையில் ஓடப்போவது எங்கே?

மறுபக்கம், வடகிழக்கில் தெரிகிற குனோங் லேடாங் மலையில் (1,276 மீட்டர்) மாமாவின் ரப்பர் சப்பாத்துக்கு ராஜமரியாதை. கோலாலம்பூரிலிருந்து வருகிற மலையேறிகள் ஐந்நூறு வெள்ளிச் சப்பாத்தைக் காரில் விட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். வேர், சேறு, ஈரப்பாறை, அதற்குமேல் கயிறு பிடித்து ஏறுகிற செங்குத்தான பகுதி. அதற்குக் ‘கே.எஃப்.சி.’ என்று பெயர், மலையேறிகளைக் கொல்வது என்று ஆங்கிலத்தில் விரித்துச் சொல்கிறார்கள், கோழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சபாவில் 4,095 மீட்டர் கினபாலு மலையில் மூட்டை சுமக்கிற ஆட்களும் இதே ரப்பரில்தான் கருங்கல் பாறைமேல் நடக்கிறார்கள்.

சரி, உன் ஸ்கீ. மாமாவின் கணக்கைப் பனிக்கு மாற்றிப் போட்டேன். தூள்பனியில் ஒடுக்கமான ஸ்கீயோடு போனால் என்ன ஆகும்? முனை அமிழும், தொடை எரியும், விழுந்தாலும் மெத்தையில் விழுவாய். அது தார்ச்சாலையில் குதிகால் நோவு. இறுகுபனியில் அகல ஸ்கீயோடு விளிம்பு பிடி விட்டால் சரிவு முடிகிறவரை சறுக்கிக்கொண்டே போவாய், வழியில் மரமும் ஆளும் இருக்கும். அது வாளிப் பாலும் இடுப்பும். போதாக்குறைக்கு, வார நாட்களில் வேலை முடிந்து நீ ஓடுவது கல்கரி ஒலிம்பிக் பூங்காவில், இயந்திரம் கொட்டிய பனியில். தூள் கிடைப்பது சன்ஷைன் ஸ்கீ மலையில் எப்போதாவது ஒரு காலை, அதுவும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். ஆகவே நட்ட நடுவில் நிற்காதே. இறுகுபனிப் பக்கமே சாய்ந்துகொள்: காலடியில் 88 முதல் 92 வரை, முனை மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்தது, பாதத்துக்குக் கீழே வழக்கமான வில்வளைவு, முறுக்கினால் நெளியாத உறுதி. மேல்வளைந்த அந்த முனை போதும், கணுக்கால் அளவு தூளில் தாராளமாக ஓடலாம். உயரம் உன் மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே. ஹெலிகாப்டரில் தூள்பனிக்குப் போகிற காலம் உனக்கு வந்தால் அன்று அகலத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்.

மிஞ்சுகிற பணத்தைப் பூட்ஸில் போடு. நீ இப்போது போடுவது உனக்கு ஓர் அளவு பெரிது என்று நான் இரண்டு குளிர்காலமாகச் சொல்கிறேன். பூட்ஸுக்குள் பாதம் நகர்ந்தால் எந்த விளிம்பும் நீ சொன்ன நேரத்துக்குத் திரும்பாது. ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெரிய விரல் வரை இரண்டு காலையும் அளந்து அனுப்பு. ஞாயிறு காலை புலாவ் செபாங்கில் ரயில் ஏறுகிறேன். அதற்குள் வந்துவிட்டால் வழியில் உட்கார்ந்து உனக்கு ஏற்ற பூட்ஸைத் தேடி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்